கையகல வானொலி நிலையம்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படிக்க வேண்டிய நிலை வந்தது. அந்த நாள்களில் கடன்பட்டோ, சீட்டுப் பணம் எடுத்தோ, யாரோ நல்ல மனத்தவர் கொடுத்தோ, பல வீடுகளுக்குள் ஒரு பொருள் வந்து சேர்ந்தது. டேப்லெட் என்கிறோமே, பள்ளிப் பிள்ளையின் சிலேட்டைப் போன்ற அந்தப் பலகைக் கணினிதான். பள்ளிகள் திறந்த பிறகு அதன் வேலை குறைந்துவிட்டது. இன்று பல வீடுகளில் அது சின்னப் பிள்ளைக்குச் சோறூட்டும்போது படம் காட்டும் கருவியாக இருக்கிறது. இல்லையென்றால் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. அதைக் கீழே இறக்கித் தூசி தட்டி வையுங்கள். அதற்குள் ஒரு சிறு வானொலி நிலையமே இருக்கிறது.

பாட்காஸ்ட் என்ற சொல்லைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழில் வலையொலி என்கிறார்கள். 2004இல் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் முதலில் எழுதப்பட்ட சொல் அது. மறு ஆண்டே ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் அதற்கு இடம் கொடுத்தது. அதன் பிறகு உலகெங்கும் பரவியது. செய்தி எளிதானதுதான். வானொலியில் நான் பேசுவது இந்த நேரத்தில்தான் கேட்கும். நீங்கள் பிரட்டுக்குப் போய்விட்டால் தவறிப்போகும். வலையொலி அப்படியில்லை. ஒருவர் பேசிப் பதிவு செய்து இணையத்தில் வைத்துவிடுவார். கேட்பவர் தமக்கு நேரம் கிடைக்கும்போது, சமைத்துக்கொண்டோ பேருந்தில் போய்க்கொண்டோ, எடுத்துக் கேட்பார். அதற்கு ஒலிபரப்புக் கோபுரம் வேண்டாம், உரிமம் பெற்ற அலைவரிசை வேண்டாம். பேச ஒரு வாயும் பதிவு செய்ய ஒரு கருவியும் போதும்.

"அதெல்லாம் பட்டணத்துப் படித்த பிள்ளைகளுக்கு ஆகும். தோட்டத்துச் சனங்களுக்கு எதற்கு?" என்று ஒரு அண்ணன் கேட்பது என் காதில் விழுகிறது. அவருக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

புத்ராஜெயா இன்று நிற்கிறதே, அந்த நிலத்தில் பெராங் பெசார் தோட்டம் இருந்தது. 1921ஆம் ஆண்டு முதல் அங்கே ரப்பர் வளர்ந்தது. 1990களில் நிர்வாகத் தலைநகருக்காக மரங்கள் சாய்க்கப்பட்டன, லயங்கள் போயின. இது பெயர் தெரிந்த ஓர் இடம். பெயர் தெரியாமல் மறைந்த தோட்டங்கள் எத்தனை! ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புத் திட்டமானது. பிரட்டுக்களம் எங்கே இருந்தது, பால் கொட்டகை எங்கே இருந்தது, ஆயாக் கொட்டகையில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால் வரைபடம் வாய் திறக்காது. சொல்லக்கூடியவர்கள் சிலர்தாம் இருக்கிறார்கள். அவர்கள் நம் வீட்டு வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1950இல் பிறந்த ஒரு பாட்டிக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில் அவர் சிறுமி. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பெற்றோர் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பங்கு கட்டியதை அவர் பார்த்திருக்கக்கூடும். 1969க்குப் பிறகு வேலைப் பெர்மிட் வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் ஊருக்குக் கப்பல் ஏறின. ரஜூலா, சிதம்பரம் என்ற கப்பல் பெயர்கள் அவர் நாவில் இருக்கும். அவருடைய தகப்பனோ சிற்றப்பனோ 1942, 43இல் சயாம் ரயில் பாதைக்குப் போயிருக்கலாம். திரும்பி வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். இவையெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். பாட்டியிடம் ஒரு மாலைப் பொழுது முழுதும் இருக்கும்.

எழுதி வைத்தால் போதாதா என்றால், எழுதுவதும் நல்லதே. ஆனால் பாட்டியைக் கொண்டு எழுதச் சொல்ல முடியுமா? அவர் சொல்ல நாம் எழுதினால், நம் எழுத்தில் அவர் பேச்சு திருந்திப்போகிறது. "வெள்ளனா எந்திரிச்சு" என்று அவர் சொன்னதை "அதிகாலையில் எழுந்து" என்று எழுதிவிடுவோம். நிரையில் நின்று தூரத்தில் இருக்கும் தோழியைக் கூவி அழைத்தது எப்படி என்று எழுத்தில் காட்ட முடியாது. தாலாட்டின் ராகத்தை எழுத முடியாது. ஒரு கேள்விக்குப் பதில் வராமல் இருந்த அந்த நான்கு விநாடி மௌனத்தையும் எழுத முடியாது.

சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் வாய்மொழி வரலாற்றுக்கென்று ஒரு பிரிவை ஏற்படுத்தியது. சாதாரண மக்களின் நினைவுகளைப் பேசவைத்துப் பதிவு செய்து காப்பகத்தில் சேர்த்து வருகிறார்கள். தமிழில் பேசியவர்களும் அவற்றில் உண்டு. அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் வர முடியாது. நம் லயத்துக்கு நாமே போக வேண்டியதுதான்.

நம் வீடுகளில் முன்பு இதற்கு ஒரு கருவி இருந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாக் கேசட்டை வெளியிட்டது; பின்னால் அது தோட்டம் வரைக்கும் வந்தது. திருவிழாப் பாட்டும் பட்டிமன்றமும் பிடித்தோம். அந்தக் கேசட்டுகளை இன்று எடுத்துப் பார்த்தால் நாடாவில் பூஞ்சை பூத்திருக்கிறது. நம் நாட்டு ஈரக் காற்றுக்கு நாடா தாங்காது. இதைக் கேட்கிறவர்களில் யாரிடமாவது தாத்தா குரல் உள்ள கேசட் இருந்தால், அதை ஓட்டும் பெட்டி இருக்கும்போதே ஒலிக்கவிட்டு, டேப்லெட்டை அருகில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முறையான வழி வேறு என்றாலும், ஒன்றுமில்லாமல் போவதைவிட இது மேல்.

சரி, கணினி இல்லாமல் டேப்லெட்டில் இது ஒழுங்காக நடக்குமா? நடக்கும். சில வகையில் கணினியைவிட நன்றாகவே நடக்கும் என்பது என் எண்ணம். கணினிக்குள் சூட்டைத் தணிக்கச் சிறு மின்விசிறி சுழலும்; அந்த இரைச்சல் பதிவில் விழும். பெரும்பாலான டேப்லெட்டுகளில் விசிறி கிடையாது. கணினிக்கு மேசை வேண்டும், மின்சாரம் வேண்டும், அதன் முன்னே பாட்டியைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். கிராணியின் அலுவலகத்தில் கையெழுத்துப் போட நிற்பவரைப் போல் அவர் விறைத்துப்போவார். டேப்லெட்டை அவர் இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போகலாம். திரையைக் கவிழ்த்து ஒரு துண்டின்மேல் வைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் அது இருப்பதையே மறந்துவிடுவார். பேச்சு அப்போதுதான் பேச்சாக வரும்.

இணைய வசதி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பதிவு செய்வதற்கு இணையம் தேவையே இல்லை. பதிவுச் செயலியை ஒரு முறை இறக்கிக்கொண்டால் போதும். ஆப்பிள் ஐபேடில் வாய்ஸ் மெமோஸ் என்ற பதிவுச் செயலி 2018ஆம் ஆண்டு முதல் கூடவே வருகிறது. கராஜ்பேண்ட் என்பதையும் இலவசமாகப் பெறலாம். மற்ற வகை டேப்லெட்டுகளில் ஏதேனும் ஓர் எளிய ஒலிப்பதிவுச் செயலி இருக்கும். சிங்கப்பூர் நிறுவனத்தின் பேண்ட்லேப் என்ற செயலி இரு வகையிலும் இலவசமாக இயங்குகிறது. எந்தச் செயலி சிறந்தது என்று ஒரு வாரம் தேடிக்கொண்டிருப்பதைவிட, கையில் இருப்பதில் இன்று மாலையே பதிவு செய்வது மேல்.

இனி ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படம் மங்கலாக இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒலி கெட்டிருந்தால் காது பொறுக்காது.

டேப்லெட்டின் ஒலிவாங்கி ஊசி முனை அளவுள்ள ஒரு துளை. அது எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. பதிவை ஓடவிட்டு, ஒவ்வோர் ஓரத்தையும் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பிறகு போட்டுக் கேளுங்கள். எங்கே சுரண்டியது மிகவும் உரக்கக் கேட்கிறதோ அங்கே அந்தத் துளை இருக்கிறது. உறை அதை மூடியிருந்தால் உறையைக் கழற்றிவிடுங்கள். அந்த ஓரம் பேசுபவரின் வாயைப் பார்த்து இருக்கட்டும்.

அடுத்தது தூரம். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இருமடங்கானால், அங்கே வந்து சேரும் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். இரண்டு சாண் தூரத்தில் வைத்தால் குரல் முன்னே நிற்கும், சுற்றுச் சத்தம் பின்னே போகும். கூடத்தின் மறு கோடியில் வைத்தால் பாட்டி பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். நேர் எதிரே மிக ஒட்டியும் வைக்கக் கூடாது. 'ப', 'ப்ப' என்ற எழுத்துகள் வரும்போது வாய்க்காற்று மோதி 'பட்' என்று வெடிக்கும். சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அறை எப்படி இருக்க வேண்டும்? வெறும் சிமெண்டுத் தரையும் வெள்ளைச் சுவரும் உள்ள கூடம் எதிரொலிக்கும். துணிமணிகள், மெத்தை, திரைச்சீலை உள்ள படுக்கையறைதான் நல்லது. துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். மேசைமேல் நேராக வைக்காமல் மடித்த கைலியோ துண்டோ விரித்து அதன்மேல் வையுங்கள். யாராவது தேநீர்க் கோப்பையை வைத்தால்கூட மேசை வழியாக அது இடிபோல் விழும். மேல்விசிறியை நிறுத்துங்கள். குளிர்பதனப் பெட்டியின் உறுமல் நம் காதுக்குப் பழகிவிட்டது, கருவிக்குப் பழகாது. அதை நிறுத்தி வைப்பதானால், டேப்லெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்டிப்பான நினைவுக் குறிப்பும் இருக்கட்டும். மீன் கெட்டுப்போனால் அம்மாவிடம் யார் பதில் சொல்வது? தகரக் கூரை வீட்டில் மழை வந்தால் பதிவை நிறுத்திவிட வேண்டியதுதான். நம் பக்கம் மழை பெரும்பாலும் பிற்பகலில் பிடிக்கும். ஆகவே காலை பத்து மணி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கோழி கூவினால் கூவட்டும். அது தோட்டத்துச் சத்தம்.

தனி ஒலிவாங்கி வாங்க வேண்டுமா? சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்று அதிக விலையில்லாமல் கிடைக்கிறது. வாங்கினால் நல்லது, கட்டாயமில்லை. வாங்கும்போது செருகியைப் பாருங்கள். உலோக முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் டேப்லெட்டுக்கும் தொலைபேசிக்கும் உரியது. இரண்டு வளையங்கள் இருந்தால் அது பெரும்பாலும் புகைப்படக் கருவிக்கு உரியது. செருகினாலும் டேப்லெட் அதை ஒலிவாங்கியாக ஏற்காது. புதிய டேப்லெட்டுகள் பலவற்றில் அந்த வட்டத் துளையே கிடையாது; யூஎஸ்பி-சி துளைக்கு ஏற்றதைக் கேட்டு வாங்க வேண்டும். இணைத்த பிறகும் நகத்தால் சுரண்டும் சோதனையைச் செய்யுங்கள். வெளி ஒலிவாங்கியை மாட்டிவிட்டு உள் ஒலிவாங்கியில் பதிவு செய்து கொண்டிருப்பவர்கள் நிறைய உண்டு.

பதிவுக்கு முன் மின்னேற்றம் செய்யுங்கள். விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லையென்றால் பாட்டி கப்பல் ஏறும் இடத்தில் வாட்ஸ்அப் மணி அடிக்கும். இடம் போதுமா என்று பாருங்கள். சுருக்காத முழு ஒலியாகப் பதிந்தால், ஒற்றைத் தடத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 மெகாபைட் ஆகும். மணிக்கு 300க்குச் சற்று மேல். 10 ஜிகாபைட் காலியாக இருந்தால் முப்பது மணி நேரம் பிடிக்கலாம். சுருக்கிப் பதிந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். காப்பாற்றி வைக்க வேண்டியதை இடம் இருக்கும்வரை சுருக்காமல் பதிவதே முறை. ஒலி அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொட்டால் குரல் கரகரக்கும். அதைப் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. ஒரு நிமிடம் பேசவைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

டேப்லெட் சறுக்கும் இடம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மாமா இங்கிலாந்தில், பாட்டி பந்திங்கில். இருவரையும் அழைப்பில் பேசவைத்துப் பதிவு செய்யலாம் என்று நினைப்போம். ஒரு செயலி அழைப்புக்காக ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும்போது வேறொரு செயலி அதைப் பயன்படுத்த டேப்லெட்டுகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. கணினியில் இது எளிது. ஐபேடில் 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26தான் அழைப்பின்போதே நம் பக்கக் குரலைப் பதிய வழி செய்தது. பழைய கருவி வைத்திருப்பவர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசட்டும். இரு பக்கமும் அருகில் ஒரு டேப்லெட் தனித்தனியே பதியட்டும். தொடக்கத்தில் மூன்று எண்ணி இருவரும் கை தட்டினால், பிறகு இரண்டு பதிவுகளையும் ஏறக்குறைய பொருத்திக்கொள்ளலாம்.

கருவி முடிந்தது. கேள்விக்கு வருவோம். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். "பாட்டி, தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால், "அதை ஏன் கேக்கிற, கஷ்டந்தான்" என்ற பதிலோடு முடிந்துவிடும். கையால் தொடக்கூடியதைக் கேளுங்கள்.

"பாட்டி, மொதமொதல்ல வெட்டுக்காட்டுக்கு யாரோட போனீங்க?"

"எங்கம்மா கூடத்தான். மங்கு துடைக்கப் போனேன். அப்ப நான் இந்த உசரம் இருப்பேன்."

"உங்க இடுப்பு உசரமா பாட்டி?"

"ஆமா, காண்டா வாளியவிட கொஞ்சம் உசரம்."

கவனித்தீர்களா? பாட்டி கையால் காட்டிய உயரம் ஒலிப்பதிவில் தெரியாது. பேரன் அதைச் சொல்லாக்கிவிட்டான். அவன் கேட்ட அந்தச் சிறு கேள்வியால் காண்டா வாளியும் வந்து சேர்ந்தது. "அதோ, அங்கே இருந்தது கோயில்" என்றால், "ஆற்றுப் பக்கமா பாட்டி?" என்று கேளுங்கள். பேசும்போது நீங்கள் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள்; தலையசைத்தால் போதும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். ஐந்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பின்தான் இதுவரை யாரிடமும் சொல்லாதது வரும். வருடத்தைத் தப்பாகச் சொன்னால் இடையில் திருத்த வேண்டாம். பிறகு தனியாகக் குறித்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் களைப்படைய வைக்காதீர்கள். நாளைக்கும் பாட்டி அங்கேதான் இருப்பார். ஆனால் அடுத்த வருடம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

தொடங்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். வீட்டுப் பாட்டிதானே என்று மறைத்து வைத்துப் பிடிப்பது தவறு. எதற்காக, யார் கேட்பார்கள் என்று சொல்லி, அவர் சம்மதிப்பதையும் பதிவிலேயே சேருங்கள். முடிந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "இந்த இடத்தை எடுத்துடு ராசா" என்றால் எடுத்துவிட வேண்டும். பழைய சண்டை, யாரோ வீட்டுப் பெண் ஓடிப்போன கதை, சாதிப் பேச்சு, கங்காணியின் அடாவடி எல்லாம் வரும். அவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்துத் தாமானிலேயே இருப்பார்கள். குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளும் பதிவு வேறு, உலகத்துக்கு விடும் பதிவு வேறு. இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டி ஒட்டும் வேலை டேப்லெட்டில் விரலாலேயே நடக்கும். ஒலி அலை திரையில் மலைத்தொடர்போல் தெரியும். தொட்டு, பிரித்து, வேண்டாததை நீக்கலாம். துணி தைக்கும் பெண்பிள்ளைகளுக்கு இது அரை மணி நேரப் பழக்கம். கொஞ்சமாக வெட்டுங்கள். இருமலை எடுக்கலாம், மூச்சை எடுக்காதீர்கள். முதலில் அசலுக்கு ஒரு படி எடுத்துவிட்டு, படியில் கத்தியை வையுங்கள். தொடக்கத்தில் சினிமாப் பாட்டைச் சேர்க்க ஆசை வரும். அது பிறர் உரிமை, வெளியிட்டால் நீக்கிவிடுவார்கள். பாட்டி பாடிய தாலாட்டில் பத்து விநாடி இருக்கிறதே, அதைவிட என்ன வேண்டும்?

வெளியிட விரும்பினால் ஸ்பாட்டிஃபை போன்றவை கட்டணமின்றி இடம் தருகின்றன. டேப்லெட்டிலிருந்தே ஏற்றலாம். உறவினருக்கு மட்டும் என்றால் வாட்ஸ்அப் போதும். குரல் செய்தியாக இல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அப்போதுதான் ஒலி தரம் குறையாது.

பதிவைக் கருவியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். சின்னவன் கீழே போட்டால் பாட்டியும் சேர்ந்து போய்விடுவார். ஒன்று டேப்லெட்டில், ஒன்று யூஎஸ்பி சேமிப்பியில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் என்று மூன்றாக வையுங்கள். கோப்புக்கு "பதிவு 14" என்று கருவியே ஒரு பெயர் வைத்திருக்கும். அதை மாற்றி, பேசியவர் பெயர், தோட்டத்தின் பெயர், நாள், கேட்டவர் பெயர் நான்கையும் எழுதுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும், நம் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும். இரண்டையும் எழுதுங்கள், தமிழ்ப் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது.

நேரமாகிவிட்டது நேயர்களே. மின்னேற்றியைத் தேடி எடுத்து வையுங்கள்.